தாளுக்குப் பின்னாடி எழுதின அக்காக்காரி

படு. காலை நீட்டு. இப்படி என் மடியில தலைய வை. உங்கம்மாவோட கம்பெனி பஸ்ஸு வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகுமாம், உங்கப்பா சொன்னாரு. அதுக்குள்ள ஒரு குட்டித் தூக்கம் போட்டுடு. ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் ஓடிட்டு வந்து கண்ணு ரெண்டும் சொருகுது, வாய் மட்டும் மூடுதா பாரு! என்னது? கதை வேணுமா? ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் என்னை யாருன்னே தெரியாது உனக்கு, இப்ப பெரியம்மா கதை சொல்லணுமாம். நல்ல ஆளுடி செலினு நீ.

சரி, சொல்றேன். ஆனா ம் கொட்டணும். நடுவுல கேள்வி கேட்டா கதை கோச்சுக்கிட்டு எழுந்து போயிடும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு அக்காக்காரி. அவளுக்கு ஒரே ஒரு தங்கச்சிக்காரி. அந்த ரெண்டு பேருக்கும் வேற யாரும் கிடையாது, ஒரு அத்தையத் தவிர.

“ம்.”

அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டாங்க. அத்தைதான் வளத்தா. நல்லவதான், சோத்துக்குக் குறை வைக்கல. ஆனா வாய் இருக்கே வாய்! “உனக்கு என்னடி தெரியும்? நீ தொட்ட காரியம் எதுடி உருப்பட்டிருக்கு?” எழுந்தா அதான், உக்காந்தா அதான். கேட்டுக் கேட்டு அக்காக்காரிக்கு அது உள்ளுக்குள்ள ஊறிப் போச்சு.

அப்புறம் அவ எப்படி ஆயிட்டான்னா, பூட்டைப் பூட்டுவா, டடக் டடக்னு இழுத்துப் பாப்பா, நாலு வீடு தாண்டிப் போவா, உடனே பூட்டினோமா இல்லையான்னு குடுகுடுன்னு திரும்பி ஓடி வருவா. மறுபடியும் டடக் டடக். தெருவுல இருக்கிறவங்க எல்லாம் சிரிப்பாங்க. நீயும் சிரிக்கிறியா? சிரி, சிரி.

அவளுக்கு வேலை ஸ்கூல்ல சத்துணவு சமைக்கிறது. நூத்தி நாப்பது பிள்ளைங்களுக்குச் சோறு. அத்தனை பேருக்கு ஆக்குறவ, சாம்பார்ல உப்பு போட்டுட்டு ஆயா கிட்ட ஓடுவா, சரியா இருக்கான்னு. அப்புறம் டீச்சர் கிட்ட ஓடுவா. அப்புறம் வாட்ச்மேன் கிட்ட. அந்தாளு பிரஷர்காரர், உப்பே சேத்துக்க மாட்டாரு, அவரு கிட்ட போய்க் கேட்டா என்ன தெரியும்?

ஆனா தங்கச்சி கிட்ட மட்டும் அவளுக்கு அந்தப் பயம் கிடையாது. காலைல ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் கட்டி விடுவா. அந்தக் குட்டி சொல்லும், “அக்கா, நீ பின்னினாதான் சாயங்காலம் வரைக்கும் அவுராம இருக்கு.” நீ செஞ்சது சரின்னு இந்த உலகத்துல அவளுக்குச் சொன்ன ஒரே ஜீவன் அதுதான். அதுக்காக உசுரையே விடுவா அக்காக்காரி.

“ம்.”

அப்போ அவங்க வீட்டுல ஒரு தினசரி காலண்டர் தொங்கும். சர்ருனு ஒரு தாளைக் கிழிச்சா அடுத்த நாள் வருமே, அதான். அதுல கீழ பன்னண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தை போட்டிருப்பான். மேஷம் லாபம், ரிஷபம் அலைச்சல், இப்படி. அத்தை சொல்லி வச்சிருந்தா, நீ மிதுன ராசிடின்னு. அக்காக்காரி காலைல பல்லு விளக்குறாளோ இல்லையோ, மிதுனத்தப் பாத்துடுவா. “மறதி”ன்னு இருந்துதுன்னா அன்னைக்குப் பூட்டை ஆறு தடவ இழுப்பா. “பகை”ன்னு இருந்தா யார் கிட்டயும் வாய் தொறக்க மாட்டா. தனக்குத் தெரியாதுன்னு நினைச்சவளுக்குக் காலண்டருக்காவது தெரியுமேன்னு ஒரு தெம்பு.

அப்புறம் தங்கச்சிக்காரி வளந்தா. வேலைக்குப் போனா. ஒருத்தரப் பிடிச்சுப் போச்சு. நல்ல மனுஷன், ஆனா அவங்க சர்ச்சுக்குப் போற ஆளுங்க. அத்தை தாம்தூம்னு குதிச்சா. அப்போ தங்கச்சிக்காரி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாம அக்காவ மட்டும் தனியா கூப்பிட்டு, “வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணம். நீ வந்து எனக்காகச் சாட்சிக் கையெழுத்து போடுக்கா. வேற யாரும் வேணாம், நீ வந்தா போதும்”னா. வரேன்டின்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணினா அக்காக்காரி.

வெள்ளிக்கிழமை வந்துது. நல்ல புடவை கட்டினா. பூ வாங்கி வச்சா. வாசல் வரைக்கும் வந்துட்டா. அப்போ பழக்க தோஷம், திரும்பிப் போய் தாளைக் கிழிச்சுப் பாத்தா. மிதுனம், “தடை.”

செருப்புல காலை விட்டவ அப்படியே நின்னுட்டா. நாம போயி, நம்மளால அவ கல்யாணமே நின்னு போச்சுன்னா? நாம தொட்ட காரியம் எது உருப்பட்டிருக்கு? பத்து மணி பஸ்ஸு பாம்முனு போச்சு. பன்னண்டு மணி பஸ்ஸும் போச்சு. ஆபீஸ் வாசல்ல தங்கச்சிக்காரி ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாளாம். கடைசில எதிர்ல டீக்கடைக்காரரக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினாங்களாம். கூடப் பிறந்தவ இருக்க, யாரோ டீ ஆத்துறவரு! அதுக்கப்புறம் அவ ஊருக்கும் வரல, போனும் பண்ணல.

“பாவம்.”

யாரு பாவம்? தங்கச்சியா, அக்காவா? ரெண்டு பேருமா? ம், அதுவும் சரிதான்.

அன்னைக்குச் சாயங்காலம் அக்காக்காரி அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. யார் கிட்ட சொல்லி அழறது? அந்தத் தாளுக்குப் பின்பக்கம் வெள்ளையா இருக்குமில்ல, மளிகைச் சாமான் எழுதுவாங்க, விபூதி மடிப்பாங்க, அந்தப் பக்கத்துல பென்சிலால ஒரே ஒரு வார்த்தை எழுதினா. “போகல.” எழுதிட்டு ஒரு ஷூ டப்பாவுல போட்டு மூடினா.

மறுநாள் தாளையும் தூக்கிப் போட மனசு வரல. அதுக்குப் பின்னாடியும் எழுதினா. “சாம்பார்ல உப்பு கூடிடுச்சோ?” அதுக்கு மறுநாள், “இன்னைக்கும் உப்பு சரியில்லன்னு தோணுது. தவம் ஞாபகமாவே இருக்கு.”

“தவம்னா எங்கம்மா பேரு!”

சொன்னேன்ல, குறுக்க பேசக் கூடாதுன்னு? ஊர்ல உங்கம்மா ஒருத்திக்குத்தான் தவமணின்னு பேரா? கண்ண மூடு.

அப்புறம் அவ தினம் எழுதினா. ஸ்கூல் விட்டதும் அண்டா எல்லாம் கழுவிக் கவுத்துட்டு, அடுப்படிப் படியில உக்காந்து எழுதுவா. யாரு படிக்கப் போறாங்க? அதனால பொய் சொல்ல வேண்டியதே இல்ல. பயந்தா பயந்தேன்னு எழுதுவா. ஏங்கினா ஏங்குறேன்னு எழுதுவா. ஒரு நாள், “ரெட்டை ஜடை போட்ட ஒரு பொண்ணு தட்ட நீட்டிச்சு, கரண்டியக் கீழ போட்டுட்டேன்.” இன்னொரு நாள், “காப்பி ரெண்டு டம்ளர்ல ஊத்திட்டேன். அப்புறம் ரெண்டையும் நானே குடிச்சேன்.” அப்படி ஒரு ஏக்கம்டி அது. அடுப்புல வச்ச பால் மாதிரி நாம திரும்புற நேரம் பாத்துத்தான் பொங்கும்.

டப்பா ஒண்ணு நிறைஞ்சுது. ரெண்டு நிறைஞ்சுது. ஒரு ஆனி மாசக் காத்துல என்ன ஆச்சு, ஜன்னல் படார்னு தொறந்து, பரண் மேல இருந்த டப்பா சொத்துனு விழுந்து, தாளெல்லாம் படபடபடன்னு வீடு முழுக்கப் பறக்குது! ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்தா. எடுக்கிறப்போ முன்னாடியும் பாக்குறா, பின்னாடியும் பாக்குறா. முன்னாடி மிதுனம் “நஷ்டம்.” பின்னாடி, “பிள்ளைங்க ரெண்டாவது தடவ சாம்பார் கேட்டுச்சுங்க.” முன்னாடி “வெற்றி.” பின்னாடி, “பால் திரிஞ்சு போச்சு.” முன்னாடி “மறதி.” பின்னாடி, “பூட்டு பூட்டியே இருந்துது.” எத்தனை தாள் பாத்தாலும், செலினு, பூட்டாம விட்டேன்னு ஒரு தாள் கூட இல்லடி! இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட இல்ல. அக்காக்காரி தரையில உக்காந்து தாளை மடியில போட்டுக்கிட்டு ஓன்னு சிரிச்சா. மறுநாள் உப்பு போட்டுட்டு ஆயா கிட்ட ஓடல. ஆயாவே ஓடி வந்துட்டா, உடம்பு சரியில்லையான்னு கேக்க!

“ம்.”

தூங்கிட்டியோன்னு பாத்தேன். கேளு. அப்புறம் அத்தைக்காரி வயசாகிப் போய்ச் சேர்ந்தா. அவ டிரங்குப் பெட்டிய ஒழிக்கிறப்போ அடியில ஒரு பழைய ஜாதக நோட்டு கிடைச்சுது. அக்காக்காரி ஜாதகம். புனர்பூச நட்சத்திரம், நாலாம் பாதம், கடக ராசி! அந்த நட்சத்திரத்துல மொத மூணு பாதம் பிறந்தாதான் மிதுனம், நாலாவது பாதம்னா கடகமாம். அத்தைக்குப் பாதம் மறந்து போச்சு. ஆக, இவ இத்தனை வருஷமா பயந்து நடுங்கினதெல்லாம் எவளோ ஒரு மிதுன ராசிக்காரிக்கு வர வேண்டிய கஷ்டத்துக்கு!

அப்போ அவளுக்கு என்ன தோணியிருக்கும் சொல்லு? விழுந்தடிச்சுப் போய் அந்த வெள்ளிக்கிழமைத் தாளைத் தேடி எடுத்தா. கடகத்துக்கு நேரா பாத்தா. “ஆனந்தம்.”

இரு, கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேன்.

ஆனந்தம்னு போட்டிருந்துது. மொதல்ல அத்தையத் திட்டினா, ஜோசியனத் திட்டினா, காலண்டர் அச்சடிச்சவன் வரைக்கும் திட்டினா. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். அப்புறம் தாளைத் திருப்பினா. “போகல”ன்னு இருந்துது. முன்பக்கம் எவனோ அச்சடிச்சது. பின்பக்கம் இவ கையெழுத்து. போகாதது அவதானே? அப்போ போறதும் அவதான் போகணும். அன்னைக்கு அவளுக்கு இது தெளிவா புரிஞ்சுது.

ஆனா புரிஞ்சா கால் நடந்துடுமா? ஒன்பது வருஷம் ஆச்சு, என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? தங்கச்சியோட பழைய சிநேகிதி கிட்ட கெஞ்சிக் கூத்தாடி விலாசம் வாங்கினா. மொத தடவ, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனா. ஏறி உக்காந்தவ, பஸ்ஸு டுர்ருனு கிளம்பவும் இறங்கிட்டா. சாயங்காலம் எழுதினா, “போகல.”

ரெண்டாவது தடவ, ஓசூர் வரைக்கும் வந்துட்டா. தெருமுனை வரைக்கும் வந்துட்டா. அங்க ஒரு பச்சை கேட்டு வீடு. மாடியில யூனிபார்ம் காயுது, குட்டி யூனிபார்ம். தங்கச்சிக்குப் பிள்ளை இருக்குன்னே அப்பதான் தெரியும். பெத்தது தெரியல, பேர் வச்சது தெரியல, பல்லு முளைச்சது தெரியல! கொடியில ஆடுற துணியப் பாத்துக்கிட்டே நின்னா. அப்படியே திரும்பிட்டா. பஸ்ஸுலயே எழுதினா, “தெரு வரைக்கும் போனேன். வீட்டுக்குப் போகல.”

மூணாவது தடவ இன்னைக்கு… அதாவது ஒரு நாள். காலைல தாளைக் கிழிச்சா, முன்னாடி என்ன போட்டிருந்துதுன்னு பாக்கவே இல்ல. அதே வார்த்தைய இன்னொரு தாள்ல எழுத எனக்குக் கை வரலடி. வெக்கமா இருந்துது. சாப்பிடக் கூடத் தோணல, பஸ் ஏறிட்டேன்.

“அக்காக்காரி நீதானே பெரியம்மா?”

…ஆமாண்டி என் ராசாத்தி. நான்தான். குணவதின்னு பேரு எனக்கு. பயம் போயிடுச்சுன்னு நினைக்காத, பயந்துக்கிட்டேதான் வந்தேன். கேட்டுத் தாழ்ப்பாளத் தட்டினேன், டங் டங். உங்கப்பா வந்து தொறந்தாரு. ஒரு நிமிஷம் பாத்துட்டு உள்ள வாங்கன்னாரு. உங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாரு. அவ ஒரே வார்த்தை சொன்னாளாம், “வரேன்”னு. கோவமா சொன்னாளா, அழுதுக்கிட்டுச் சொன்னாளான்னு கேட்டா, அந்த மனுஷனுக்குச் சொல்லத் தெரியல.

செலினு? தூங்கிட்டியா?

தூங்கிடுச்சு. உங்கம்மாவும் இப்படித்தான், வாயத் தொறந்துக்கிட்டே தூங்குவா. இனிமே யாருக்குக் கதை சொல்றேன் நான், எனக்கேதான் சொல்லிக்கிறேன். அவ வந்து வெளிய போன்னு சொன்னா போயிடுவேன். சொல்லலாம், அவளுக்கு உரிமை இருக்கு. ஆனா ஒரு தடவ அக்கான்னு கூப்பிட்டுட்டு அப்புறம் திட்டட்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்டி நான் ஒன்பது வருஷமா…

யாரு? யாரு அங்க நிக்கிறது?

தவம்! எப்படி வந்த? கேட்டு சத்தம் கூடக் கேக்கல. எவ்ளோ நேரமா நிக்கிற? பைய இறக்கி வையேன்டி, தோளு வலிக்காதா? ஏன் இப்படிப் பாக்குற? எதாவது சொல்லு. திட்டவாவது திட்டு.

“சாப்டியாக்கா?”

அந்தப் பைய இப்படிக் குடுடி.

“கேக்குறேன்ல? சாப்டியா இல்லையா?”

இல்லடி. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல.

“எழுந்து வா. சோறு போடுறேன்.”

இதோ வரேன். இரு, பிள்ளை தலைய மெல்ல இறக்கிட்டு வரேன். செலினு, கதை அவ்ளோதான் கண்ணு. நீ நல்லா தூங்கு, பெரியம்மா சாப்பிடப் போறேன். உங்கம்மா கூப்பிடுறா.