குப்பாச்சியின் பால்கட்டி யாருடையது?

வேங்கைமலையை ஆண்ட செண்பகராயர் பகைவருக்கு அஞ்சாதவர். ஆனால் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் அஞ்சுவார்.

காரணம் பால்கட்டி. எருமைப் பாலில் அத்தி மரத்துப் பாலைச் சில துளி விட்டுத் திரைய வைத்து, துணியில் கட்டிக் கல்லேற்றி, உப்பும் மிளகும் தடவி, வைக்கோல் புகையில் காட்டி எடுப்பார்கள். அந்தச் சீமையில் அதற்கு அவ்வளவு புகழ். கொறுக்கைப்பட்டிக்காரர்கள் அதை எங்கள் ஊர்ச் சரக்கு என்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எருமைத்துறைக்காரர்களும் அதையேதான் சொல்வார்கள்.

மன்னரின் தாயார் தேவகுஞ்சரி பிறந்தது கொறுக்கைப்பட்டியில். மனைவி செங்கமலம் பிறந்தது எருமைத்துறையில். இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

"எங்கள் ஊர்க் கட்டியைப் போடட்டுமா ராசா?" என்பார் தாயார்.

"அத்தை, அசலே எங்கள் ஊரில் இருக்கும்போது நகல் எதற்கு?" என்பாள் மருமகள்.

மன்னர் இரண்டையும் சரி அளவு தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

இந்தச் சமயம் பார்த்துப் பிரதானி அகோரம் ஒரு யோசனை சொன்னார். "மகாராஜா, பால்கட்டி முதலில் பிறந்த ஊர் எது என்று விசாரித்து முடிவு கட்டிவிடலாம். அந்த ஊர்தான் பால்கட்டி என்ற பெயரில் விற்கலாம். மற்ற ஊர் விற்கக் கூடாது. விசாரிக்கச் சரியான ஆள் நம் காளத்திதான்!"

காளத்தி சபையில் வேடிக்கையாகப் பேசிப் பேசியே மன்னருக்கு நெருக்கமானவன். அகோரத்துக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். எந்த ஊரைச் சொன்னாலும் ஒரு ராணியின் கோபத்தில் அவன் ஒழிவான் என்பது அவர் கணக்கு. காளத்திக்கும் அது புரிந்தது. அதைவிட, தோற்கிற ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு அணையுமோ என்ற கவலைதான் அவனை அதிகம் அரித்தது.

கொறுக்கைப்பட்டிக்குப் போனான். குப்பாச்சி என்று ஒருத்தி பெயரைச் சொன்னார்கள். அவள்தான் முதன்முதலில் பால்கட்டி செய்தவளாம். அவள் தவழ்ந்த முற்றம் என்று ஓர் இடத்தைக் காட்டினார்கள். "அவள் எங்கள் ஊர்ப் பெண் ஐயா. கட்டிக்கொடுத்த ஊரில் செய்தால் என்ன? கைப்பக்குவம் எங்களுடையது" என்றார்கள்.

எருமைத்துறைக்குப் போனான். அங்கேயும் அதே குப்பாச்சி! "எங்கள் ஊருக்கு வாழ வந்தவள் ஐயா. கல்யாணமாகி வந்த பிறகு, எங்கள் கொட்டிலில், எங்கள் எருமைப் பாலில்தான் செய்தாள்" என்றார்கள். அவள் கட்டிமேல் ஏற்றிய கல் என்று ஒன்றைக் காட்டினார்கள். யானையை விட்டாலும் அசைக்க முடியாத கல். காளத்தி அதைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

சபை கூடியது. இரண்டு ராணிகளும் வந்து உட்கார்ந்தார்கள். அகோரம் முன்வரிசையில் இடம் பிடித்தார்.

"மகாராஜா, குப்பாச்சி பிறந்தது கொறுக்கைப்பட்டி. புகுந்தது எருமைத்துறை. புகுந்த வீட்டில்தான் பால்கட்டி செய்தாள். இதை இரண்டு ஊரும் ஒப்புக்கொள்கிறது" என்றான் காளத்தி. "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒரு பெண்ணின் கெட்டிக்காரத்தனம் பிறந்த வீட்டுக்குச் சேருமா, புகுந்த வீட்டுக்குச் சேருமா? எனக்கென்ன தெரியும்? அனுபவப்பட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்."

"இதிலென்ன சந்தேகம்?" என்றார் தேவகுஞ்சரி. "பிறந்த வீட்டுக்குத்தான்!"

"புகுந்த வீட்டுக்குத்தான்!" என்றாள் செங்கமலம்.

காளத்தி தாயார் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "சரி தாயே. அப்படியானால் ராணியார் வீணை வாசித்து வெளியூர் மன்னர்களெல்லாம் மெச்சுகிறார்களே, அந்தப் பெருமை எருமைத்துறைக்கு என்று எழுதிவிடலாமா?"

தேவகுஞ்சரிக்குச் சுருக்கென்றது. "அது எப்படி? அவள் இந்த அரண்மனை மருமகள். அவள் வாசிப்பது எங்கள் வீட்டுப் பெருமை!"

"அத்தை!" செங்கமலம் எழுந்தே விட்டாள். "விரல் தேயத் தேய எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அப்பா. பெருமை மட்டும் உங்கள் வீட்டுக்கா?"

"வேறென்ன? வந்த பெண் எதைச் செய்தாலும் வந்த வீட்டுக்குத்தான்!"

"இல்லவே இல்லை. பெற்ற வீட்டுக்குத்தான்!"

"புகுந்த வீட்டுக்கு!"

"பிறந்த வீட்டுக்கு!"

மன்னர் ஒரு முகத்தையும் மறு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காளத்தி சத்தம் ஓயும் வரை காத்திருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

"மகாராஜா, வழக்கு முடிந்தது. தாயார் பெருந்தன்மையாகப் பால்கட்டியை எருமைத்துறைக்குக் கொடுத்துவிட்டார். ராணியார் அதைவிடப் பெருந்தன்மையாகக் கொறுக்கைப்பட்டிக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு பேர் கொடுத்ததையும் பிடுங்க எனக்கு ஏது அதிகாரம்?"

முதலில் சிரித்தது தேவகுஞ்சரி. "அடப் படவா! எங்கள் வாயாலேயே எங்களைக் கட்டிப்போட்டாயே!" மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மன்னருக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

இரண்டு ஊரும் அந்தப் பெயரிலேயே விற்கலாம் என்று ஆணை பிறந்தது. அதை இரண்டு ஊரிலும் போய்ச் சொல்லிவிட்டு வரும் வேலை அகோரத்துக்கு. மன்னர் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் காளத்திக்குப் போர்த்தினார். அப்படியே அவன் காதருகே குனிந்தார்.

"காளத்தி, உனக்கும் வீட்டில் அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறாள். அங்கே இப்படி வழக்கு வந்தால் என்ன தீர்ப்புச் சொல்வாய்?"

"தீர்ப்பா? நானா? வீட்டில் நான் குற்றவாளி மட்டும்தான், மகாராஜா!"