ஓரத்தில் எழுதிய ‘ப’

பேராசிரியர் ஜெசிந்தாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தபோது தணிகாசலத்துக்கு வயது அறுபத்தொன்று. பேராசிரியருக்கு நாற்பத்திரண்டு. மாணவர் அறைக்குள் வந்தால் பேராசிரியர் எழுந்து நிற்பார். பேராசிரியர் வந்தால் மாணவர் எழுந்து நிற்பார். இவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை என்று சமூகவியல் துறையில் மற்ற ஆசிரியர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

தணிகாசலம் முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் வேலை பார்த்து, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கோயில் கோயிலாகப் போகலாம் என்று மனைவி சொல்லியிருந்தார். இவர் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார்.

எடுத்துக்கொண்ட ஆய்வு, இடம் மாற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றியது. ஆற்றங்கரையில் பாலத்தடி என்ற இடத்தில் குடிசை போட்டு இருந்தவர்களை எட்டு ஆண்டுகளுக்கு முன் இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளி, மேட்டுக்கொல்லையில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். போனவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பதிலுக்காக, குடும்பங்களை இடம் மாற்றும் அரசு அலுவலகமும் காத்திருந்தது. பாலத்தடியில் இன்னும் முந்நூற்று நாற்பது குடும்பங்கள் மிச்சம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவர்களையும் மேட்டுக்கொல்லைக்கே அனுப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வின் சுருக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் நல்லது என்று கடிதம் வந்திருந்தது.

தணிகாசலம் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் பாலத்தடியில் லாரி மேல் நின்றுகொண்டு, ஏற வேண்டியவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் படித்தவர் அவர்தான். அப்போது துணை வட்டாட்சியர். அன்று காலை ஆறரைக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்று வரை படித்தார். இடையில் ஒரு சோடா குடித்தார். அன்றைக்குச் செய்தது நல்லதா கெட்டதா என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆய்வு சொல்லிவிடும் என்று நம்பினார்.

இரண்டு மாதம் மேட்டுக்கொல்லையில் படி ஏறி இறங்கினார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். உதவிக்கு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, படிவக் கட்டுகளைப் பேராசிரியரின் மேஜையில் வைத்தார்.

“முடிஞ்சுது மேடம். நூத்துக்கு எண்பத்தோரு பேர் திருப்தி.”

“அவ்வளவா?”

“நானே இத்தனை எதிர்பார்க்கல.”

அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பேராசிரியர் பார்த்தார். மேலே இருந்த படிவத்தை எடுத்துப் புரட்டினார். ‘இந்த வீட்டில் குடியிருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்குக் கீழே ஐந்து கட்டங்கள். மிகவும் திருப்தி, திருப்தி, சொல்லத் தெரியவில்லை, திருப்தி இல்லை, கொஞ்சமும் திருப்தி இல்லை. இரண்டாவது கட்டத்தில் குறி போட்டிருந்தது. பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரு ‘ப’.

அடுத்த படிவத்திலும் இரண்டாவது கட்டம். ஓரத்தில் ‘ப’. அதற்கடுத்ததிலும் அதேதான்.

“இது என்ன சார், ‘ப’?”

“பழைய பழக்கம் மேடம். வாக்குமூலம் எழுதும்போது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதணும்னு எங்களுக்குப் பயிற்சி. எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னாங்க. முழுசா எழுதிக் கை வலிச்சுது. சுருக்கிட்டேன்.”

“என்ன வார்த்தை?”

“பரவாயில்லை.”

“எத்தனை பேர்?”

“இருநூத்தி இருபத்தேழு.”

“அவங்களை எல்லாம் திருப்தியில சேர்த்துட்டீங்க.”

“பரவாயில்லைன்னா குறை இல்லைன்னுதானே மேடம் அர்த்தம்?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்க வீட்டுல சமையல் எப்படி சார்?”

“பரவாயில்லை.”

“இதை வீட்டம்மா காதுபடச் சொல்வீங்களா?”

“முப்பத்திரண்டு வருஷமா சொன்னதில்லை மேடம்.”

பேராசிரியர் சிரித்தார். தணிகாசலமும் சிரித்தார். பிறகு தணிகாசலம் மட்டும் நிறுத்திக்கொண்டார்.

“அந்த இருநூத்தி இருபத்தேழை எடுத்துட்டா திருப்தின்னு சொன்னவங்க எத்தனை பேர் சார்?”

கணக்குப் போட வேண்டிய தேவை இல்லை. அவருக்குத் தெரியும். “இருபத்தாறு.”

“இல்லைன்னு சொன்னவங்க?”

“அம்பத்தொன்பது.”

மின்விசிறிக் காற்றில் படிவங்களின் ஓரம் படபடத்தது. தணிகாசலம் அதன் மேல் கையை வைத்தார்.

“நடுக் கட்டத்துல போட்டுடலாமா மேடம்? சொல்லத் தெரியவில்லைன்னு?”

“அவங்க சொல்லியிருக்காங்களே சார். தெரியாதவங்க யாரு?”



பேராசிரியர் படிவத்தின் முதல் பக்கத்துக்குப் போனார். வீட்டு எண், மாடி, தேதி, பதில் சொன்னவர் பெயர், எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. உச்சியில் ‘கேட்டவர் பெயர், பதவி’ என்ற கட்டம் மட்டும் காலி.

“இது?”

“எல்லாத்தையும் நான்தானே கேட்டேன் மேடம். முன்னூறு தடவை எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்.”

பேராசிரியர் அதைப் பற்றி மேலே பேசவில்லை. “இதுக்கு முன்னாடி மேட்டுக்கொல்லை பக்கம் போயிருக்கீங்களா சார்?”

“இல்லை.”

“பாலத்தடி?”

தணிகாசலம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே இரண்டு மாணவிகள் ஒரே குடையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஒரு தடவை. அலுவல் விஷயமா.”

“என்ன அலுவல்?”

அவர் சொன்னார். லாரி, ஒலிபெருக்கி, பெயர்ப் பட்டியல், ஆறரை மணி, மூன்று மணி. சோடாவையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது, கோப்பு ஒன்றை மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டது போல இருந்தது.

பேராசிரியர் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

“நாளைக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் போய்ட்டு வாங்க சார். ‘ப’ போட்ட வீடு எதுவானாலும் சரி. படிவம் வேண்டாம், பேனா வேண்டாம். ஒண்ணும் கேக்காதீங்க. நீங்க யாருன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க.”

“அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது மேடம். அப்ப மீசை இருந்தது. தலையும் கறுப்பு.”

“அதனாலதான் சொல்லச் சொல்றேன்.”

புதன்கிழமை பதினோரு மணிக்கு மேட்டுக்கொல்லை ஏழாம் பிளாக்கில் தணிகாசலம் நான்கு மாடி ஏறினார். மின்தூக்கிக் கதவில் யாரோ கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். போன மாதமும் அதே கயிறுதான். படிவத்தில் மின்தூக்கி ‘உண்டு’ என்று எழுதியது நினைவுக்கு வந்தது.

கன்னியம்மா வீட்டில்தான் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் வேலை. பாலத்தடியில் இருந்தவரை மண்டபத்துக்கு நடந்தே போய்விடுவார். இப்போது இரண்டு பஸ். முகூர்த்த நாட்களில் கடைசி பஸ் போய்விட்டால் மண்டபத்திலேயே படுத்துக்கொள்வார். இதெல்லாம் போன மாதம் அவர் சொன்னதுதான். அவற்றுக்குப் படிவத்தில் தனித்தனிக் கேள்விகள் இருந்தன. கடைசியில், வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குப் பரவாயில்லை என்றார்.

“வாங்க சார். இன்னா, கைல ஒண்ணுமே இல்லாம வந்துகீறீங்க? பேப்பரைத் தொலைச்சிட்டீங்களா?”

“இல்லம்மா. சும்மாதான்.”

“சும்மா நாலு மாடி ஏறுவாங்களா? குந்துங்க. தண்ணி கொண்டாரேன்.”

குடத்திலிருந்து தண்ணீர் வந்தது. அந்தக் குடம் கீழே குழாயிலிருந்து நான்கு மாடி ஏறி வந்தது என்பதும் படிவத்தில் இருந்தது. தணிகாசலம் குடித்தார். சொல்ல வேண்டியதை நேற்றே மனப்பாடம் செய்திருந்தார். நீதிமன்ற உத்தரவு, மழைக்காலம், வெள்ள அபாயம், மேலிடத்துக் கட்டளை, இந்த வரிசையில். வாயைத் திறந்தபோது வரிசை மறந்துவிட்டது.

“பாலத்தடியில அன்னிக்கு லாரி மேல நின்னு பேர் படிச்சது நான்தாம்மா.”

“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“போன மாசமே தெரியும். மீசை போச்சு. குரல் எங்க போச்சு? வாசல்ல நின்னு ‘கன்னியம்மா, கணவர் பெயர் முனுசாமி’ன்னு படிச்சீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கும் அப்படித்தான் படிச்சீங்க. நானும் அன்னிக்குச் சொன்ன மாதிரியே ‘இருக்கேன் சார்’னு சொன்னேன்.”

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

“மத்தவங்களுக்கும் தெரியுமா?”

“கீழ்வீட்டுக்காரங்கதான் மொதல்ல சொன்னாங்க. அந்தப் பேர் படிச்ச சார் வந்துகீறாரு, வயசாயிடுச்சு, மூச்சு வாங்குது, பார்த்துப் பேசுங்கன்னு.”

“அன்னிக்கு எனக்கு வந்த உத்தரவு...” என்று தொடங்கினார். மேலே போகவில்லை. “உங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டேம்மா.”

“பரவாயில்லை சார்” என்றார் கன்னியம்மா.

அதே வார்த்தை. அதே குரல். போன மாதம் அவர் ஓரத்தில் ‘ப’ என்று எழுதி, இரண்டாவது கட்டத்தில் குறி போட்டது இதற்குத்தான்.

ஒன்றும் கேட்கக் கூடாது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவரால் முடியவில்லை.

“போன மாசம் வீடு எப்படி இருக்குன்னு கேட்டேனே. அப்பவும் பரவாயில்லைன்னீங்க.”

“அப்பவும் நீங்கதானே சார் கேட்டீங்க.”

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கன்னியம்மா எண்ணுவது போலக் காது கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

“மீதிப் பேரையும் இங்கதான் ஏத்திக்கினு வரப்போறாங்களாமே. என் தங்கச்சி இன்னும் பாலத்தடியிலதான் கீறா. வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு தபா டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அங்கதான், ஆத்துக்கு எதிர்க்க. அவங்க பேரையும் நீங்கதான் படிப்பீங்களா?”

“நான் ரிட்டையர் ஆயிட்டேம்மா.”

“அப்படியா?” கன்னியம்மா அவரை உண்மையாகவே புரியாமல் பார்த்தார். “அப்ப இப்ப எதுக்கு வந்தீங்க?”

வியாழக்கிழமை காலை பேராசிரியரின் அறையில் இருவரும் நின்றபடியே பேசினார்கள். தணிகாசலம் நடந்ததைச் சொன்னார். சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னார். அந்தப் பயிற்சி கைவிடவில்லை. தங்கையையும் டயாலிசிஸையும் சொன்னார். கன்னியம்மாவின் கடைசிக் கேள்வியையும் சொன்னார். அதற்கு என்ன பதில் கொடுத்தீர்கள் என்று பேராசிரியர் கேட்கவில்லை.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை மேடம்.”

“ஆமா.”

“திருப்தின்னு போட முடியாது. திருப்தி இல்லைன்னும் அவங்க சொல்லல. என்கிட்ட சொல்ல மாட்டாங்க.” கட்டுகளை முன்னால் தள்ளினார். “இந்த இருநூத்தி இருபத்தேழை எந்தக் கட்டத்துல போடறது?”

பேராசிரியர் மேலே இருந்த படிவத்தை எடுத்தார். ஐந்து கட்டங்கள் இருந்த பக்கத்தைத் திருப்பவில்லை. முதல் பக்கத்தை அவர் பக்கமாக வைத்து, உச்சியில் விரலை வைத்தார்.

“இந்தக் கட்டம் காலியா இருக்கு சார்.”

தணிகாசலம் பார்த்தார். கேட்டவர் பெயர், பதவி.

“இதை நிரப்பினாப் போதுமா?”

“இதை நிரப்பாம மத்ததைப் படிக்க முடியாது.”

“அறிக்கையோட இந்தப் பக்கமும் போகுமா மேடம்?”

“முன்னூத்திப் பன்னெண்டும் போகும்.”

அந்தப் பெயரை அந்த அலுவலகத்தில் தெரியாதவர்கள் இல்லை. பட்டியலில் அவர் போட்ட கையெழுத்து இன்னும் அவர்கள் கோப்பில் இருக்கும். ஒரே ஒரு ஆள் வீடு வீடாகப் போய்க் கேட்டார் என்பதும், அந்த ஆள் யார் என்பதும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு அந்த எண்பத்தொன்றை யாரும் தூக்கிப் பிடிக்க முடியாது. அவருடைய ஆய்வும் அதோடு முதல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும், வேறு யாராவது போய்க் கேட்டு.

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதன்முறையாகப் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்தார். பேராசிரியரும் உட்கார்ந்தார்.

கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி, நிதானமாக எழுதினார்: தி. தணிகாசலம், வட்டாட்சியர் (ஓய்வு).

பேராசிரியரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பேர் சரி சார். பதவி, லாரி மேல நின்ன அன்னிக்கு இருந்ததை எழுதுங்க.”