செண்பகம் சொன்ன தீவு

ஒரு காட்டுல பெரிய ஏரி. ஏரிக்கு நடுவுல குட்டியா ஒரு தீவு. நாலு மரம், கொஞ்சம் புதர், அவ்வளவுதான். ஆனா கரையில இருந்த குட்டிங்க எல்லாத்துக்கும் அதுமேலதான் கண்ணு! எல்லாம் செண்பகத்தால வந்தது.

செண்பகம் ஒரு முயல். அம்மாக்கள் எல்லாம் காலையில இரை தேடிக் கிளம்புறப்ப, குட்டிங்கள செண்பகத்துகிட்டதான் விட்டுட்டுப் போவாங்க. குரங்குக் குட்டி கிட்டு, முள்ளம்பன்றிக் குட்டி, மான் குட்டி, ரெண்டு அணில் குட்டி. மொத்தம் அஞ்சு. அஞ்சும் அஞ்சு பக்கமா ஓடும்! இதுங்கள ஒரே இடத்துல உக்கார வைக்க செண்பகத்துக்குத் தெரிஞ்ச ஒரே வழி கதைதான். அதுவும் தீவுக் கதை!

ஒருநாள் காட்டுக் கதை சொல்லிப் பாத்துச்சு. கிட்டு கொட்டாவி விட்டுச்சு. மலைக் கதை சொல்லிப் பாத்துச்சு. மான் குட்டி தூங்கியே போச்சு. ஆனா, "சுத்திலும் தண்ணி, நடுவுல ஒரு தீவு..."ன்னு ஆரம்பிச்சா போதும், பத்து காதும் வெறைச்சு நிக்கும்!

பின்ன நிக்காதா? தீவுல "குளிச்சியா, சாப்பிட்டியா"ன்னு கேக்க ஆளே கிடையாது! எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில தண்ணி வந்துடும், அதனால தொலைஞ்சு போகவும் முடியாது. மொத்த ஊரும் நம்மளோடது, அதுவும் மத்தியானத்துக்குள்ள ஒரு சுத்து சுத்தி வந்துடலாம்! இதவிட வேற என்ன வேணும்?

செண்பகத்தோட தீவுல ஒரு குகை இருந்துச்சு. தேன் சொட்டுற மரம் இருந்துச்சு. மரத்தடியில யாரோ பாதி தின்னுட்டுப் போட்ட பலாப்பழம் கிடந்துச்சு, யாருன்னே தெரியாது! ஒவ்வொரு கதையும் ஒரே மாதிரிதான் முடியும். "அங்க வேற யாராலயும் வர முடியாது!" உடனே குட்டிங்க குதிச்சுக் கும்மாளம் போடும்.

செண்பகம் அந்தத் தீவுக்கு ஒரு தடவ கூடப் போனதில்ல. அது வேற விஷயம்.

கதை கேக்குறவங்க "ம்" கொட்டணும். அதான் அங்க சட்டம். "ம்" நின்னா கதையும் நின்னுடும். அஞ்சு குட்டியும் ஒழுங்கா "ம்... ம்..."ன்னு கொட்டும். ஆனா கொஞ்ச நாளா புதருக்குப் பின்னாடியிருந்து ஆறாவதா ஒரு "ம்" கேட்டுக்கிட்டே இருந்துச்சு. செண்பகம் மூச்சு வாங்க நிறுத்துனா, "அப்புறம்?"னு அவசர அவசரமா ஒரு குரல்!

ஒருநாள் அந்தக் குரல் புதர விலக்கிட்டு வெளிய வந்துச்சு. பாத்தா நரி! குட்டிங்க எல்லாம் செண்பகத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு.

"பயப்படாதீங்கடா செல்லங்களா! நான் ஒங்க அக்காவோட ரசிகன்!"னு நரி குழைஞ்சுச்சு. "தங்கச்சி, நேத்து நான் அந்தத் தீவுக்குப் போய்ட்டு வந்தேன். அடடா! நீ சொன்ன குகை அப்படியே இருக்கு! தேன் மரம் இருக்கு! அந்தப் பாதிப் பலாப்பழம் கூட இருக்கு!"

செண்பகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் குகைய போன வாரம்தான் கிழங்க கடிச்சுக்கிட்டே சும்மா அடிச்சு விட்டிருந்துச்சு!

"நிஜமாவா அண்ணே? குகை வாசல் வடக்க பாத்தா இருக்கு?"

"வடக்கேதான்!"

"தேன் இடது பக்கம்தான சொட்டுது?"

"இடது பக்கமேதான்! போகாமலே எப்படிம்மா இவ்வளவு கரெக்டா சொன்ன?"

செண்பகத்துக்குத் தலைகால் புரியல. 'அடேயப்பா, நமக்கு இவ்வளவு அறிவா!'ன்னு பூரிச்சுப் போய், தான் விட்ட கதைய தானே நம்பிடுச்சு.

நரி குரல தாழ்த்திச்சு. "வாழைமரத்த சேத்துக் கட்டி தெப்பம் செஞ்சு வச்சிருக்கேன். குட்டிங்கள கூட்டிட்டு வா. ஆனா அம்மாக்களுக்குத் தெரியக் கூடாது. பெரியவங்க வந்துட்டா அப்புறம் அது என்ன தீவு? நீயேதான சொல்லுவ!"

"ஆமாமா!"ன்னுச்சு செண்பகம்.

"அக்கா, எங்கம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டு..."ன்னு முள்ளம்பன்றிக் குட்டி இழுத்துச்சு.

"போடா பயந்தாங்கொள்ளி!"ன்னு கிட்டு சிரிச்சுச்சு. "ஒடம்பு பூரா முள்ளு, உள்ள பூரா பஞ்சு!"

தெப்பத்துல ரெண்டு நீளக் கொடி கட்டியிருந்துச்சு. பின்பக்கக் கொடியோட இன்னொரு நுனிய கரையில ஒரு மரத்துல கட்டியாச்சு. முன்பக்கக் கொடிய எடுத்துக்கிட்டு நரி மட்டும் முதல்ல தெப்பத்துல ஏறி, கட்டையால துழாவித் துழாவி தீவுக்குப் போய் இறங்கிச்சு. "நானும் கூட ஏறுனா பாரம் தாங்காது! நான் அங்கேருந்து இழுக்கிறேன்!"னு சொல்லியிருந்துச்சு. குட்டிங்க பின்பக்கக் கொடிய இழுத்து, காலித் தெப்பத்தக் கரைக்குக் கொண்டாந்துச்சுங்க. அப்புறம் செண்பகமும் அஞ்சு குட்டியும் ஏறி உக்காந்தாச்சு!

நரி தீவுலேருந்து கத்திச்சு. "பின்னாடி யாரும் வரலியே? வரவும் முடியாது! இங்க வேற யாராலயும் வர முடியாது!"

அப்படிச் சொல்லிட்டு கொடியப் பல்லால கவ்வி இழுக்க ஆரம்பிச்சுச்சு.

செண்பகம் சட்டுன்னு காதத் தூக்குச்சு. அதே வரி! குட்டிங்க குதிக்கிற அதே வரி! ஆனா நரி வாயால கேக்குறப்பதான் அதுக்கு உறைச்சுச்சு. யாராலயும் வர முடியாதுன்னா, நாம கத்துனாலும் யாராலயும் வர முடியாதே!

தீவ நல்லா உத்துப் பாத்துச்சு. குகையும் இல்ல, தேன் மரமும் இல்ல. காஞ்ச புதரு, எலும்பும் தோலுமா ஒரு நரி, அதோட கடவாயில ஒழுகுற எச்சில். அவ்வளவுதான் இருந்துச்சு.

"கிட்டு! எல்லாரும் பின்பக்கக் கொடியப் பிடிச்சு இழுங்க, சத்தம் போடாம!"

அஞ்சு குட்டியும் இழுத்துச்சு. கரைப் பக்கம் ஒரு சாண் கூட நகரல. நரியோட பலம் எங்க, அணில் குட்டி பலம் எங்க! தெப்பம் தீவுப் பக்கமே போய்க்கிட்டிருந்துச்சு. இன்னும் இருபது முழம்தான்!

"என்னாலதான இதுங்களுக்கு இந்தக் கதி"ன்னு செண்பகத்துக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அழ நேரமில்ல. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அதத்தான் செஞ்சுச்சு.

"நரியண்ணே! வர்ற வரைக்கும் ஒரு புதுக் கதை சொல்லட்டா? தீவுக் கதை!"

நரியோட காது ரெண்டும் வெறைச்சு நின்னுச்சு. கொடிய விடாம, பல்லுக்கு நடுவுலயே, "ம்!"னுச்சு.

"ஒரு தீவுல ஒரு நரி ராஜா தனியா இருந்துச்சாம்."

"ம்."

"தனியாத்தான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருந்துச்சாம்."

"ம்ம்?"

"ஒருநாள் பாத்தா, மரத்தடியில பாதி தின்ன பலாப்பழம்! பால் கூட இன்னும் காயல!"

"ம்ம்ம்!" நரி இழுக்கிற வேகம் கொறைஞ்சுச்சு.

"ராஜா குனிஞ்சு மோந்து பாத்துச்சு. அப்ப பிடரியில சூடா மூச்சுக் காத்து படுது! மெல்ல... மெல்ல... திரும்பிப் பாத்தா..."

செண்பகம் நிறுத்திடுச்சு.

"ம்?"

செண்பகம் காதச் சொறிஞ்சுக்கிச்சு.

"ம்ம்? ம்ம்ம்?"

செண்பகம் வானத்த வேடிக்க பாத்துச்சு.

நரியால தாங்க முடியல. "அப்புறம்? யாரு நின்னா? சொல்லித் தொலையேன்!"

வாயத் தொறந்துச்சா? கொடி வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்துச்சு!

"இழுங்கடா!"

அஞ்சு குட்டியும் பல்லக் கடிச்சுக்கிட்டு இழுத்துச்சுங்க பாருங்க ஒரு இழு! முள்ளம்பன்றிக் குட்டிதான் முன்னாடி நின்னு இழுத்துச்சு. தெப்பம் சர்ருன்னு கரையப் பாத்து ஓடிச்சு. நரி தண்ணி ஓரம் வரைக்கும் பாஞ்சு வந்து ஒரு கால வச்சுச்சு. ஆழம்! நீச்சலும் தெரியாது. வச்ச கால எடுத்துக்கிட்டு அங்கயே உக்காந்துடுச்சு.

சாயங்காலம் வந்த அம்மாக்கள்கிட்ட செண்பகம் ஒண்ணையும் மறைக்காம சொல்லிடுச்சு. குரங்கம்மா வாங்கு வாங்குன்னு வாங்கிடுச்சு! "கதை சொல்லி உக்கார வைன்னா, கதைக்குள்ளயே கூட்டிட்டுப் போயிடுவியா?"

"தப்புதான்க்கா. அவன் என் கதைய நல்லாருக்குன்னான். நான் மயங்கிட்டேன்"ன்னு செண்பகம் காதத் தொங்கப் போட்டுக்கிச்சு.

மறுநாளும் தீவுக் கதைதான்! ஆனா இப்பல்லாம் அந்தக் கதையில கிளம்புறவங்க வீட்டுல சொல்லிட்டுத்தான் கிளம்புறாங்க. அப்பவும் கதை ருசி கொஞ்சமும் கொறையல! ஏரி வத்துற வரைக்கும் நண்டு தின்னுக்கிட்டு, கொக்குகிட்ட கொத்து வாங்கிக்கிட்டு, நரி தீவுலயே கிடந்துச்சு.

கதையில எந்தத் தீவுக்கு வேணும்னாலும் போகலாம், ஆனா நம்ம ஆசையவே நமக்குத் திருப்பிச் சொல்லி, "யாருக்கும் தெரியாம வா"ன்னு எவனாவது கூப்பிட்டா, ஒரு அடி கூட எடுத்து வைக்கக் கூடாது.