நாச்சிமுத்து மலையேறக் கம்பு எடுத்த கதை

சுள்ளிப்பாளையத்துக்காரர்களுக்கு அறிவே கிடையாது என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. இருந்த அறிவைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எடுத்துப் புழங்கியதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் நாச்சிமுத்துவுக்கு ஒரே தங்கை, தெய்வாத்தாள். அவள் மகளுக்கு ஊசிக்கரட்டு முருகன் கோயிலில் காதுகுத்து. கோயில் இருப்பது மலை உச்சியில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், தோடும் மாமன் சீர். பன்னிரண்டு மணிக்குள் முகூர்த்தம். தங்கை வீட்டார் முந்தின நாளே மேலே போய்விட்டார்கள்.

"அண்ணா, நீங்க வரலீன்னா நம்ம பெரியப்பன் மவன் காளிங்கன் வந்து உக்காந்துக்குவான். இப்பவே மடியத் தட்டிப் பாத்துக்கறான்" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுத்தான் தெய்வாத்தாள் போயிருந்தாள்.

நாச்சிமுத்து தன் வீட்டு மச்சுப்படியைக்கூட முனகிக்கொண்டே ஏறுகிற ஆள். முட்டிவலி. ஆனாலும் காளிங்கன் மடியில் தன் மருமகளை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரிந்தது. ஆறுச்சாமி, குப்பண்ணன் என்ற இரண்டு கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கெல்லாம் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தான்.

அடிவாரத்தில் பொன்னுரங்கம் என்பவர் மலையேறுகிறவர்களுக்கு மூங்கில் கம்பு வாடகைக்கு விடுகிறார். நல்ல மனுஷர். யார் வந்தாலும் நாலு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவார்.

"கம்புதான் உங்களத் தாங்கோணும், நீங்க கம்பத் தாங்கக் கூடாது. பாத்து எடுங்க. ஏறறப்பக் குட்டையா இருக்கோணும், எறங்கறப்ப நீளமா இருக்கோணும். எப்பவும் கம்பு முன்னால, கால் பின்னால. வந்ததும் எடுத்த கம்பையே திருப்பிக் குடுத்துரோணும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

"தாங்குதான்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது?" என்றான் ஆறுச்சாமி.

"ஏறி நின்னு பாத்தாத் தெரியுது" என்றான் குப்பண்ணன்.

கம்புகளைத் தரையில் படுக்கப் போட்டு ஒவ்வொன்றின் மேலும் மூன்று பேரும் ஏறி நின்றார்கள். எல்லாக் கம்பும் தாங்கியது.

"அப்ப நாம தாங்காம இருக்கறதுக்குத்தான் வழி பாக்கோணும்" என்று நாச்சிமுத்து தீர்ப்புச் சொன்னான். கடையில் இருந்ததிலேயே இளைத்த மூன்றை, கட்டைவிரல் பருமனே இருந்ததை, பொறுக்கி எடுத்தார்கள். பொன்னுரங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது.

நாச்சிமுத்துவின் சட்டைப்பையில் ஓட்டை. தோடு இரண்டையும் தன் கம்பின் தலைப்பக்கத் துளைக்குள் போட்டுத் துணியால் அடைத்துக்கொண்டான். கைக்குள்ளேயே இருக்கும், இதைவிடப் பத்திரம் உண்டா?

முதல் மேடு வந்தது.

"ஏறறப்பக் குட்டையா இருக்கோணும்னாரு" என்று நினைவுபடுத்தினான் ஆறுச்சாமி.

குப்பண்ணன் தேங்காய் உடைக்க அரிவாள் கொண்டுவந்திருந்தான். ஆனால் எந்தப் பக்கம் வெட்டுவது? அதற்கு ஒரு கால் மணி நேரம் பேசினார்கள்.

"அடிய வெட்டுனாக் கம்பு தரைக்கு எட்டாது. தலைய வெட்டுவோம்" என்றான் நாச்சிமுத்து.

மூன்று கம்புக்கும் தலை போயிற்று. துண்டுகளைப் பாறை ஓரமாக ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு நடந்தார்கள்.

இரண்டாவது மேட்டில் இன்னொரு சாண் போயிற்று. நடுவில் ஆறுச்சாமிக்கு, கம்பு முன்னால் போகவேண்டும் என்றது ஞாபகம் வந்து, கம்பை முன்னால் வீசிவிட்டுப் பின்னாலேயே நடந்தான். ஏற்றமல்லவா, கம்பு உருண்டு அவனைத் தாண்டிக் கீழே போனது. கம்பு முன்னால், கால் பின்னால். அவனும் வாக்குத் தவறாமல் கீழே போனான். அவனைத் திரும்ப மேலே இழுத்து வரவே ஒன்பது மணி ஆகிவிட்டது.

மேடு ஏற ஏறக் கம்பு குறுகியது. குனிந்து நடந்தார்கள், பிறகு குந்தி நடந்தார்கள், கடைசியில் முட்டி போட்டார்கள். வழியில் போன பக்தர்கள் ஏதோ பெரிய வேண்டுதல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாள் குப்பண்ணனைத் தொட்டுக் கும்பிட்டாள். அவனும் ஆசீர்வாதம் பண்ணினான்.

உச்சிக்குப் போனபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். காளிங்கன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று தவழ்ந்தபடியே கத்தினான் நாச்சிமுத்து.

தெய்வாத்தாளுக்கு அழுகை பீறிட்டது. "எங்கண்ணன் முட்டி போட்டே மலையேறி வந்திருக்குது பாருங்க!"

காளிங்கனை எழுப்பிவிட்டார்கள். நாச்சிமுத்து குழந்தையை மடியில் வாங்கியபோது அவன் கண்ணிலும் தண்ணீர். அவ்வளவு சந்தோஷம்.

"தோட்டக் குடுங்க" என்றார் ஆசாரி.

நாச்சிமுத்து கம்பை நீட்டினான். கட்டைவிரல் நகம் அளவு மிச்சம் இருந்தது. ஆசாரி கம்பையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கம்போட தலைக்குள்ள இருக்குதுங்க."

"தலை எங்க?"

"தலை மொத மேட்டுலயே போயிருச்சுங்க" என்றான் ஆறுச்சாமி பணிவாக.

காளிங்கன் சிரித்தான். முகூர்த்தம் தாண்ட இரண்டு நிமிஷம் இருந்தது. ஆசாரி நாச்சிமுத்துவின் கம்பையும் ஆறுச்சாமியின் கம்பையும் வாங்கி மெல்லிசாகச் சீவி, காதைக் குத்தி, காதுக்கு ஒரு குச்சியாகச் செருகிவிட்டார். குழந்தை வீறிட்டது. மாமன் மடி, மாமன் கம்பு. சீருக்கு ஒரு குறையும் இல்லை.

விருந்து முடிந்தது. குப்பண்ணன் தன் கம்பால் பல் குத்தியபோது அது முறிந்துபோனது. இனி இறங்க வேண்டும்.

"எறங்கறப்ப நீளமா இருக்கோணும். கம்பு புள்ள காதுல இருக்குது" என்றான் ஆறுச்சாமி கவலையாக.

நாச்சிமுத்து யோசித்தான். குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"இப்பக் கம்பு என் தலைக்கு மேல நிக்குது. இன்னும் என்ன நீளம் வேணும்? கம்பு முன்னால, நீங்க பின்னால வாங்க."

அப்படியே தங்கை வீட்டார், ஆசாரி எல்லாரும் சேர்ந்து இறங்கினார்கள். முதல் மேட்டுப் பாறை ஓரத்தில் அடுக்கிய துண்டு அடுக்கியபடி இருந்தது. உள்ளே தோடும் இருந்தது. தெய்வாத்தாளுக்குப் போன உயிர் வந்தது. உடனே போட்டுவிடலாம் என்றாள்.

"கூடாது அம்மிணி! இங்கயே கம்பக் கழட்டிட்டா மிச்சத்த எப்புடி எறங்கறது?"

அடிவாரத்தில் சமதரை வந்த பிறகுதான் ஆசாரியிடம் குச்சிகளை எடுத்துவிட்டுத் தோட்டைப் போடச் சொன்னான். பிறகு மூன்று பேரும் பொன்னுரங்கத்தின் கடைக்குப் போனார்கள். நாச்சிமுத்து இரண்டு குச்சிகளையும் அவர் உள்ளங்கையில் மரியாதையாக வைத்தான். குப்பண்ணன் முறிந்த தன்னுடையதை வெட்கத்தோடு பக்கத்தில் வைத்தான்.

பொன்னுரங்கம் கையைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார்.

"எடுத்த கம்பேதானுங்க, சந்தேகமே வேண்டாம்" என்றான் நாச்சிமுத்து. "அடுத்த வருசம் நம்ம ஆறுச்சாமி மவனுக்கு இங்கதான் காதுகுத்து. இத வேற யாருக்கும் குடுத்துராதீங்க. இப்பத்தான் ஏறறதுக்கு அளவா வந்திருக்குது."