இடப்பக்கத்துப் பின்

“பயம் போக என்ன செய்யணும், மேடம்?”

கேட்டவர் டாக்டர் அருமைநாயகம். வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக, தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் ஓடுதளத்தின் தகரக் கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்தைத் தன் கையாலேயே கட்டி முடித்திருந்தார்.

அவருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஹமீதா. வயது முப்பத்தெட்டு. பதினைந்து வருடமாகப் புது விமானங்களை முதல்முறை ஓட்டிப் பார்ப்பவர். இந்த விமானத்தையும் மறுநாள் காலை அவர்தான் முதலில் ஓட்டப் போகிறார்.

“எதுக்குப் பயம்?” என்றார் ஹமீதா.

“எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும் பயப்பட நேரம் பத்தாது. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.”

“காத்து.”

“அது நம்ம கையில இல்ல. அடுத்தது?”

“பெட்ரோல் குழாய்.”

ஹமீதா டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். குழாய் நெடுகத் தடவிப் பார்த்தார். “சரியா இருக்கு. அடுத்தது?”

பிரேக் என்றார். வால் என்றார். கதவுக் கொக்கி என்றார். ஹமீதா ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

டாக்டர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இன்ஜின் மூடி.”

“எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

அது பொய். பயம் இடது பக்கத்தில் இருந்தது.

இன்ஜின் மூடி இரண்டு பாதி. மேல் பாதியையும் கீழ் பாதியையும் பக்கத்துக்கு ஒரு நீளக் கீல் சேர்த்துப் பிடித்திருக்கும். கீலின் கண்கள் வழியாக, கை நீளத்துக்கு ஒரு மெல்லிய எஃகுப் பின் ஓடும். பின்னின் முன்நுனியை மடக்கி, அதன்மேல் கட்டைவிரல் நகமளவு தகடு வைத்து, ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். அந்த ஸ்க்ரூ தளர்ந்தால் இன்ஜின் அதிர்வில் பின் மெல்ல மெல்ல முன்னால் நகரும். முன்னால் ஒரு சாண் தூரத்தில் ப்ரொப்பெல்லர்; பின் அதில் பட்டால் உடைந்துவிடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இடப்பக்கத்து ஸ்க்ரூவை இறுக்கும்போது மரை போய்விட்டது. உள்ளே இருந்த நட்டை மாற்றுவதென்றால் ரிவெட்டை உடைக்க வேண்டும். மூடிக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். பறக்கும் தேதி குறித்தாகிவிட்டது. மகள் கனடாவிலிருந்து வர டிக்கெட் எடுத்துவிட்டாள்.

டாக்டர் துவாரத்தில் இரண்டு சொட்டுப் பசை விட்டார். ஸ்க்ரூவை வைத்து அமுக்கினார். காய்ந்ததும் மேலே பெயிண்ட் பூசினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அன்றிலிருந்து தினமும் இழுத்துப் பார்க்கிறார். அசையவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஹமீதா வலது பக்கம் பார்த்தார். சுற்றி வந்து இடது பக்கமும் பார்த்தார். தகட்டை விரலால் அமுக்கினார்.

“ரெண்டும் நல்லாப் போட்டிருக்கீங்க, டாக்டர்.”

டாக்டர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல, மேடம்.”

“அப்ப வீட்டுக்குப் போய்த் தூங்குங்க.”

மறுநாள் காலை ஆறரை. காற்றே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள்.

ஹமீதா ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார்.

“எல்லாம் சரிதானே, டாக்டர்?”

“சரி.”

“கட்டையை எடுங்க. எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க. ஸ்டார்ட் பண்றேன்.”

சக்கரங்களுக்கு முன்னால் மரக்கட்டைகள் இருந்தன. டாக்டர் குனிந்து வலது சக்கரத்துக் கட்டையை எடுத்தார். சுற்றி வந்து இடது சக்கரத்துக் கட்டையின் கயிற்றைப் பிடித்தார்.

இழுக்கவில்லை.

“டாக்டர்?”

டாக்டர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

“எடுத்தாச்சா?”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கட்டையை இரண்டு கையாலும் சக்கரத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இடப்பக்கத்துப் பின்,” என்றார். “மரை போயிடுச்சு மேடம். பசை போட்டு வச்சிருக்கேன்.”

ஹமீதா சுவிட்சை அணைத்தார். ஹெட்போனைக் கழற்றினார். பெல்ட்டை அவிழ்த்தார். இறங்கினார்.

சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தகட்டின்மேல் வைத்தார். கால் சுற்றுத்தான் சுற்றினார். பசை விட்டுவிட்டது. ஸ்க்ரூ அவர் உள்ளங்கையில் விழுந்தது.

பிறகு இரண்டு விரலால் பின்னைப் பிடித்து இழுத்தார். எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதை டாக்டர் மடியில் வைத்தார்.

“புது நட்டு போடுங்க. பின் நுனியில ஓட்டை போட்டு, ஒரு கம்பியும் முறுக்கிக் கட்டுங்க. ரெண்டு பக்கமும்.”

அவ்வளவுதான் சொன்னார். நடந்து போய்விட்டார்.

வேலை இரண்டு நாள் பிடித்தது. ரிவெட் உடைத்த இடத்தில் பெயிண்ட் திட்டுத் திட்டாக நின்றது. டாக்டர் அதை அப்படியே விட்டுவிட்டார். அந்த இரண்டு இரவும் தூங்கினார். அவர் மனதில் ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது. மேடம் பெரிய ஆள். முதல் நாளே எல்லாம் கண்டுபிடித்திருப்பார். சொல்வேனா மாட்டேனா என்று பார்க்கத்தான் ஏறி உட்கார்ந்தார். நல்ல ஆசிரியர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

மூன்றாம் நாள் காலை ஹமீதா புது நட்டைப் பார்த்தார். முறுக்கிய கம்பியை நெருடிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார்.

டாக்டருக்கு அடக்க முடியவில்லை.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்தானே?” என்று சிரித்தார். “என்னைச் சோதிக்கத்தானே ஏறுனீங்க?”

ஹமீதாவின் கை பெல்ட்டிலேயே நின்றது. அவர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய உதடு லேசாக வெளுத்திருந்ததை டாக்டர் அப்போதுதான் கவனித்தார்.

“எனக்கு எப்படித் தெரியும், டாக்டர்?” என்றார் ஹமீதா. “தெரிஞ்சிருந்தா ஏறியிருப்பேனா?”