தேனீ வேஷம் போட்ட ஈ

சிறுமலையில் ஒரு சாமியார் இருந்தார். பூச்சிகளைப் பற்றித்தான் பாடம் சொல்வார். கடவுளைப் பற்றி யாராவது கேட்டால், "எனக்கு ஆறு கால் வரைக்கும்தான் தெரியும்" என்பார்.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் செவந்தி அவரைவிட வயதில் மூத்தவள். யாருக்கும் அடங்காதவள். அண்ணன் வீட்டு அடுப்படியில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று வீம்பாகக் கிளம்பி வந்து, தேனீப் பெட்டி வைத்துப் பிழைப்பவள்.

ஒருநாள் ஒரு முறத்தில் செத்த பூச்சிகளை அள்ளிக்கொண்டு வந்து, சாமியாரின் முன்னால் டொம்மென்று வைத்தாள்.

"அதுவும் ஒரு உயிர்தானேன்னு மட்டும் சொல்லிடாதீங்க சாமி. எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"சொல்லல. என்ன இது?"

"கொள்ளைக்கார ஈ! தேனீ மாதிரியே மஞ்ச முடியைப் போர்த்திக்கிட்டு என் பெட்டிப் பக்கமே குந்தியிருக்கு. வெளிய வர்ற தேனீயைப் பறக்கையிலேயே அமுக்கி, ஊசி வாயால குத்தி உறிஞ்சிட்டுச் சக்கையைக் கீழ போடுது. பெட்டி காலியானா நான் அண்ணன் வாசல்லதான் போய் நிக்கணும். செத்தாலும் நிக்க மாட்டேன். அதான் இந்த மட்டையை எடுத்தேன். காலையில இருந்து வெளுத்து வாங்கிட்டேன்!"

சாமியார் குனிந்தார். ஒரு முள்ளை ஒடித்து, முறத்தில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிலதை இடப்பக்கம் தள்ளினார். சிலதை வலப்பக்கம்.

செவந்திக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன சாமி, அரிசியில கல்லு பொறுக்குறீங்களா?"

"இங்க பாரு தாயி. இதுக்கு ரெண்டே இறக்கை. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்துல குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழ். மூஞ்சியில மீசை வேற. இது ஈ. என்ன வேஷம் போட்டாலும் கொசுவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான்."

"அந்தப் பக்கம்?"

"நாலு இறக்கை."

இடப்பக்கத்து ஈக்கள் உள்ளங்கையில் அடங்கும். வலப்பக்கம் குவியலாகக் கிடந்தது. செவந்தி குனிந்து பார்த்தாள்.

"ஐயையோ, என் புள்ளைங்களாச்சே! என் கையாலேயே கொன்னுட்டேனே!"

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கையில் மட்டை.

"விட மாட்டேன் சாமி. அந்த ஈயை அடிக்கத்தான் போறேன்."

"அடி."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "தடுக்க மாட்டீங்களா?"

"தடுத்தா கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

"அப்ப அடி. இறக்கையை எண்ணிட்டு அடி."

"நல்லாச் சொன்னீங்க போங்க! பறக்குறதுல எப்படி எண்ணுறது? அது எங்கேயாவது வந்து உட்கார்ற வரைக்கும் மட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம அசையாம நிக்கச் சொல்றீங்களா? எனக்கு வேற பிழைப்பு இல்லையா?"

சாமியார் முறத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"காய்ஞ்ச குச்சியில அந்த ஈயும் அப்படித்தான் ஆடாம அசையாம காத்துக் கிடக்கு, தாயி. அதுகிட்ட மட்டைகூடக் கிடையாது."