இரண்டுக்கு ஒன்று

தண்டவாளத்தில் விரிசல் தேடும் ஆய்வு வண்டி, வெள்ளரிக்குளம் தாண்டி ஒரு வளைவில் நின்றது. வண்டியில் குரு தமயந்தி, வயது முப்பத்தாறு. சீடர் சந்தியாகு, ஐம்பத்திரண்டு. கணினிப் பிரிவிலிருந்து பாதை வேலை கற்க வந்தவர். குருவைவிடச் சீடருக்கு நரை அதிகம். அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

வண்டியின் அடியில் மூன்று சென்சார்கள். கேமரா மேற்பரப்பைப் படம் பிடிக்கும். அல்ட்ராசோனிக் இரும்புக்குள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும். மூன்றாவது, அதிர்வை அளக்கும். மூன்றையும் சேர்த்து என்ன குறை என்று தீர்ப்புச் சொல்வது சந்தியாகு எழுதிய புரோகிராம், மூன்று வருட உழைப்பு. இந்த மாதம் அது இரண்டு முறை காரணமில்லாமல் ரயிலை நிறுத்திவிட்டது. இன்னொரு முறை நிறுத்தினால் அந்தப் புரோகிராமையே மூட்டை கட்டிவிடச் சொல்லியிருந்தார்கள் மேலதிகாரிகள்.

“அதிர்வு மட்டும்தான் குறை இருக்குங்குது மேடம். மத்த ரெண்டும் இல்லைங்குது. ரெண்டுக்கு ஒண்ணு. பாதை சரின்னு போட்டுட்டுக் கிளம்பிருவமா? பாசஞ்சர் ஸ்டேஷன்ல நமக்காக நிக்குது.”

“அல்ட்ராசோனிக்ல எதிரொலி எப்படி இருந்துச்சு?”

“எதுவுமே வரல.”

தமயந்தி ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். “நான் சொல்ற வரைக்கும் பாசஞ்சரை விடாதீங்க.”



தமயந்தி இறங்கி வண்டியின் தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார். காலி. அல்ட்ராசோனிக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தண்ணீர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஒலி இரும்புக்குள் இறங்காது; நல்ல தண்டவாளத்தின் அடியிலிருந்து வரவேண்டிய எதிரொலிகூட வராது. தான் குடிக்க வைத்திருந்த பாட்டிலைத் தண்டவாளத்தின் மேல் கவிழ்த்தார். கையில் பிடிக்கிற சின்ன அல்ட்ராசோனிக் கருவியைச் சந்தியாகுவிடம் கொடுத்தார்.

“நீங்களே பாருங்க சார்.”

ஈரத்தின் மேல் கருவி நகர்ந்தது. ஓர் இடத்தில் திரையில் கோடு எகிறியது. மேலே பளபளவென்று இருந்த தண்டவாளத்துக்குள், உள்ளங்கை நீளத்துக்கு விரிசல்.

சந்தியாகு ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பயந்துட்டேன் மேடம். மறுபடி ரயிலை நிறுத்தினா அவ்வளவுதான்னு பயந்துட்டேன்.”

“தெரியும்.”

“ஆனா ரெண்டும் சேர்ந்து இப்படிப் பொய் சொல்லலாமா?”

“கேமராவுக்கு உள்ள இருக்கிறது தெரியாது. அல்ட்ராசோனிக்குக்குத் தண்ணி இல்ல. ரெண்டும் எங்க சார் பொய் சொல்லுச்சு?”

“இல்லைன்னு பதிவாகியிருக்கே.”

“உங்க புரோகிராம்ல உண்டு, இல்லைன்னு ரெண்டே கட்டம்தான் வச்சிருக்கீங்க. தெரியலன்னு சொல்றதுக்கு அதுகளுக்கு எங்க சார் இடம் குடுத்தீங்க?”